பதினோராவது மாடியின் பச்சைத் தகடு

புஷ்பவள்ளி அக்காவுக்கு வாய் நீளம் என்று எங்கள் பிளாட்டில் எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதை ஒருத்தர் கேட்டுவிட்டால், கேட்காமல் இருந்தவர்களுக்கு அந்த வாய் நீளமாகத்தான் தெரியும். அது அவர்கள் கண் கோளாறு.

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி எங்களுடையது. லிப்ட் உண்டு, ஆனால் எல்லா மாடியிலும் நிற்காது. ஏன் என்று கேட்டால் சிக்கனம் என்பார்கள். பதினோராவது மாடிக்காரர்களான நாங்கள் பத்தில் இறங்கிப் படியேற வேண்டும். கால் உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. அக்காவின் புருஷன் வேலு அண்ணனுக்குக் கால் இருந்தும் பயனில்லை. துறைமுகத்தில் சரக்கு வலை அறுந்து மேலே விழுந்ததில், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவரைக் கீழே கொண்டுபோக வேண்டுமென்றால் நாற்காலியோடு சேர்த்துத் தூக்க நாலு ஆள் வேண்டும். தைப்பூசத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள் தூக்கியிருக்கிறோம். நல்ல கனம்.

“ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இந்த மனுசன நான் எப்படிக் கீழ எறக்குவேன்?” என்று அக்கா அடிக்கடி கேட்பார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாது. பதில் சொல்ல யாருக்கும் தெரியாததால், “ஒண்ணும் ஆகாதுலா” என்று சொல்லிவிட்டுப் போவோம்.

அக்காவுக்கு வேலை அக்கரையில், மாக் மண்டினில், தகர டப்பா செய்கிற ஃபேக்டரியில். பாலம் அப்போது கட்டி முடியவில்லை. தூண்கள் மட்டும் கடலில் நின்றுகொண்டிருந்தன. அதனால் போக வர ஃபேரிதான். வேலு அண்ணன் மத்தியானம் நடைவழியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எங்கள் நடைவழி ஒரு பக்கம் திறந்தது. இடுப்பளவு சுவருக்கு மேல் வெறும் காற்றும் கடலும்தான். ஃபேரி கரையை நெருங்கினால், “அந்தா வர்றா என் மகராசி. நடக்குற நடையிலயே தெரியுது பாரு” என்பார். அந்தத் தூரத்தில் ஃபேரியே தீப்பெட்டி அளவுதான் தெரியும். இருந்தாலும் தினமும் அதையே சொல்வார். தினமும் நாங்களும் சிரிப்போம்.

மழைதான் தொல்லை. வருஷக் கடைசியில் சாரல் நேராக வீட்டு வாசலுக்கே வரும். நடைவழி வழுக்கும், காயப் போட்ட துணி நனையும், வேலு அண்ணன் உள்ளே அடைந்து கிடப்பார். சாரலுக்கு ஏதாவது மறைப்புப் போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்காத ஆளில்லை. அக்காவும்தான் கேட்டார். முதல் ஆளாகக் கேட்டார்.

தேர்தல் வந்தது. மறைப்பும் வந்தது. வழவழப்பான பச்சை பிளாஸ்டிக் தகடு. இரண்டு தகட்டுக்கு நடுவே கேக் மாதிரி நுரைப் பலகை வைத்து ஒட்டியிருந்தார்கள். தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் இடைவெளியே இல்லாமல் அடித்துவிட்டுப் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமே புதிது. ஒய்.பி. என்று நாங்கள் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் வந்தபோது மேளம், மாலை எல்லாம் உண்டு. ஆரத்தித் தட்டைப் பிடித்து நின்றது புஷ்பவள்ளி அக்காதான். அன்று அவர் கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேலு அண்ணன் ஒருத்தர்தான் முணுமுணுத்தார். “கடல மறைச்சிப்புட்டானுங்களே.”

“நனையாம ஒக்காந்திருக்கீங்கல்ல, அது போதும்லா” என்றார் அக்கா.

அந்த வருஷக் கார்த்திகையை மறக்க முடியாது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் பிளாட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றுவது பெரிய கூத்து. ஏற்றின கையோடு கடல்காற்று அணைத்துவிடும். பொம்பளைகள் முந்தானையால் மறைத்துக்கொண்டு நெருப்புப் பெட்டியோடு மல்லுக்கட்டுவார்கள். இந்த முறை தகடு இருந்தது. ஒரு துளி காற்றில்லை. நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாசலிலும் சுவர் மேலும் அகல் வரிசையாக நின்று எரிந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் நோர்மா தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அரசாங்க வீட்டில் குடியிருந்தோம். அன்றைக்குத்தான் அது எங்கள் வீடு மாதிரி இருந்தது.

அப்போதுதான் அக்கா வீட்டு வாசலுக்கு நேரே, சுவர் மேல் இருந்த அகலின் சுடர் தகட்டில் பட்டது. முதலில் கறுத்தது. பிறகு தகடு வெல்லப்பாகு மாதிரி இளகி ஒழுகியது. ஒழுகின சொட்டு தரையில் விழுந்தும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய் ஈரச்சாக்கைக் கொண்டுவந்து அடித்து அணைத்தார். நுரை எரிந்த நாற்றத்தில் எங்களுக்குத் தொண்டை கமறியது. தகட்டில் ஓர் ஆள் முகம் அளவுக்கு ஓட்டை.

வேலு அண்ணன் அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, “பரவால்ல, கடல் தெரியுது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனார். அங்கே எங்கள் வட்டாரத்துக்கு அதிகாரி குலசேகரம். சிலோன்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, பாப்பாவோடு பேசுவது மாதிரி மெதுவான பேச்சு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்கா நடந்ததைச் சொன்னார். தகடு தீப்பிடிக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடுங்கள், என் புருஷனுக்கு நடக்க முடியாது என்றார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து லிப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். நடைவழியில் விளக்கு ஏற்றக் கூடாதாம்.

அவ்வளவுதான், பிளாட் கொதித்துவிட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் திருநாவுக்கரசு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். நல்ல மனுஷர். கோயில் காரியம், கல்யாணக் காரியம், சாவு எதுவென்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் சாமி விஷயத்தில் யாராவது கை வைத்துவிட்டால் அவருக்கு முன்பின் தெரியாது. “இன்னிக்கு வெளக்கு வேணாம்பான், நாளைக்கு சாம்பிராணி வேணாம்பான், அடுத்து தைப்பூசத்த நிப்பாட்டுவான்” என்றார். எங்களுக்கும் ரோஷம் வந்தது. எங்களுக்கு மற்ற எதில் வருகிறதோ இல்லையோ, இதில் மட்டும் உடனே வந்துவிடும். தகடு என்ற பேச்சே எல்லார் வாயிலிருந்தும் போய்விட்டது. விளக்கு, விளக்கு, விளக்குதான்.

கடைசியில் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார்கள். குலசேகரமே வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து பேசினார்.

“நானும் சைவம்தான். எங்கட வீட்டிலயும் கார்த்திகை விளக்கீடு இருக்கு. உங்கட மனசு எனக்கு விளங்காதா? விளக்கு வைக்கலாம். தடையை எடுத்தாச்சு. ஆனா ஒண்டு. ஏதும் நடந்தா குடியிருக்கிற நீங்கள்தான் பொறுப்பு. சம்மதமோ?”

“சம்மதம்!” என்று திருநாவுக்கரசு அண்ணன் கையைத் தூக்கினார். கூட்டமே கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

அக்கா எழுந்தார். “சார், வெளக்கு வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. தகட்ட எடுங்கன்னுதான் சொன்னேன். அத எப்ப எடுப்பீங்க?”

குலசேகரம் திருநாவுக்கரசு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அக்காவைப் பார்த்தார். “தங்கச்சி, ஒக்காரு. ஜெயிச்சிருக்கோம். இந்த நேரத்துல போயி...”

“என்னாண்ணே ஜெயிச்சோம்? வெளக்கு நம்மளோடது. அத ஏத்துறதுக்கு நமக்கு யாரு உத்தரவு குடுக்கணும்? தகடு அவங்களோடது. அதுக்கு நாம பொறுப்பா?”

“இதுக்குத்தான் வாய் நீளம்ங்கிறது” என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். கூட்டம் கலைந்து எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்கள் கதை அதுதான். நாங்கள் என்னவோ அந்தக் குரங்கையே பிள்ளையார் என்று கும்பிட்டோம்.

அடுத்த கார்த்திகைக்கு அக்கா வாசலில் விளக்கு வைக்கவில்லை. வீட்டுக்குள் சாமிப் படத்துக்கு முன்னால் மட்டும் ஏற்றினார். கோபித்துக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் நோர்மாவிடம் மட்டும் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார். தான் அக்கரையில் இருக்கும்போது ஏதாவது என்றால் வேலு அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கார்த்திகைக்கு மறுநாள், வெயில் அடிக்கிற மத்தியானம், அக்கா வேலை முடிந்து ஃபேரியில் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஃபேக்டரிப் பெண் இடப்பக்கம் கையை நீட்டி, “எங்கயோ எரியுதுக்கா” என்றாள். கரையில் கறுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. விறகுப் புகை இப்படி இருக்காது. தார் மாதிரி கெட்டியான கறுப்பு. அதற்குக் கீழே பச்சை தெரிந்தது. பச்சைக்குள் சிவப்பாக ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா ஃபேரி வேலையாளிடம் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து, “வெரசா விடச் சொல்லுங்க, என் வூட்டுக்காரருக்கு நடக்க முடியாது” என்று தமிழிலேயே கத்தினாராம். அந்த மலாய்க்காரருக்குப் பேச்சு புரியவில்லை. அக்கா பார்த்த பக்கம் பார்த்ததும் புரிந்துவிட்டது. “சபார், காக், சபார்” என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாராம். பொறுமையாக இரு, அக்கா என்று. வேறு என்ன சொல்ல முடியும்? ஃபேரி என்றைக்கும் போகிற வேகத்தில்தான் போனது. பதினோராவது மாடியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு அந்தக் கடலை அவர் கடந்து வர வேண்டியிருந்தது.

நான் கீழே கூட்டத்தில் நின்றேன். தீ கீழ்த்தளத்துக் குப்பை அறையில் ஆரம்பித்தது. யார் என்ன போட்டார்களோ தெரியாது. தகடு இல்லாவிட்டால் குப்பை அறையோடு போயிருக்கும். தகட்டைப் பிடித்துக்கொண்டு அது மேலே ஏறிய வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். புகை வெளியே போக வழியில்லை. முன்பு காற்று வந்த இடமெல்லாம் அடைபட்டு, ஒவ்வொரு நடைவழியும் புகைக்கூண்டாகிவிட்டது. பொம்பா என்று நாங்கள் சொல்லும் தீயணைப்பு வண்டிகள் வந்தன. அந்த ஆட்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். மாடியில் சுவரோடு இருந்த தண்ணீர்க் குழாய்ப் பெட்டிகளை உடைத்தார்கள். ஒன்றிலும் குழாய் இல்லை. எங்கள் மாடிப் பெட்டிக்குள் துடைப்பம் இருந்தது.

நோர்மா இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி. அக்கா ஓடிவந்ததும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு மலாயில் கதறினாள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாளாம். நாற்காலியைப் படி வரைக்கும் இழுக்கப் பார்த்தாளாம். புகையில் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தன. வேலு அண்ணன் பிள்ளைகளைக் கையால் காட்டி, “பெர்கி! பெர்கி!” என்று கத்தினாராம். போ, போ என்று. அவள் நகராமல் நிற்கவே, நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொண்டு போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அக்கா அவளைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

சாயங்காலம் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. ஈரத்துணியைக் கதவிடுக்கில் திணித்துவைத்திருந்தார். முகத்தில் ஈரத்துண்டு. பின் ஜன்னலுக்குக் கீழே, நாற்காலியிலிருந்து இறங்கி, தரையோடு தரையாகக் கிடந்தாராம். பொம்பாக்காரர் இதைச் சொன்னபோது அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். “எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காரு” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற மாதிரி விசாரணைக் குழு வந்தது. ஒரு மண்டபத்தில் நாற்காலி மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பொம்பா ஆள் தீ குப்பை அறையில் ஆரம்பித்தது என்று தெளிவாகவே சொன்னார். அப்படியும் திரும்பத் திரும்ப விளக்கைப் பற்றித்தான் கேட்டார்கள். தீப்பிடித்ததற்கு முதல் நாள் கார்த்திகையாமே? எத்தனை வீட்டில் விளக்கு? ஏதும் நடந்தால் நாங்களே பொறுப்பு என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்டீர்களாமே? திருநாவுக்கரசு அண்ணனை எழுப்பிக் கேட்டார்கள். “ஆமா” என்றார். நின்றபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குலசேகரம் எழுந்து, “தகடு இப்படி எரியும் எண்டு எங்களுக்குத் தெரிய வழியில்லை” என்றார்.

“நான் வந்து சொன்னேனே சார்” என்றார் அக்கா.

“அம்மா, நீங்கள் வந்தது உண்மை. அது விளக்குப் பிரச்சினை எண்டு பதிஞ்சிருக்கு. அதைத் தீர்த்து வச்சாச்சு.”

மழைக்கு மறைப்புக் கேட்டதும் நாங்கள், விளக்குக்கு உத்தரவு கேட்டதும் நாங்கள், பொறுப்பை ஏற்றதும் நாங்கள். தகட்டை வாங்கினவர், அடித்தவர், பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படியே முடித்துவிட்டார்கள். நான் திட்டின திட்டையெல்லாம் இங்கே எழுத முடியாது.

எரிந்த மாடிக்காரர்களுக்கு கெலுகோர் பக்கம் வேறு அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அக்காவுக்கு எட்டாவது மாடி. சாவி கொடுக்கக் குலசேகரமே வந்தார். துணைக்குத் திருநாவுக்கரசு அண்ணனும் நானும் போனோம். அக்கா கையில் ஒரு பை. புதுவீட்டுக்குள் நுழையும்போது முதலில் விளக்கோடு நுழைய வேண்டும் இல்லையா, அதற்காகக் காமாட்சி விளக்கு, எண்ணெய், திரி, நெருப்புப் பெட்டி எல்லாம் அதில் இருந்தன.

லிப்டை விட்டு வெளியே வந்தோம். நடைவழி முழுக்கப் பச்சைத் தகடு.

திருநாவுக்கரசு அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். குலசேகரம் மும்முரமாகச் சாவிக்கொத்தில் சாவி தேடினார். “இது வேற சரக்கு அம்மா. பயப்பிடத் தேவையில்லை” என்றார்.

அக்கா விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினார். எழுந்தார். நாங்கள் வலது காலை வைத்து உள்ளே போகப் போகிறார் என்று நினைத்து வழிவிட்டோம். அக்கா வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இரண்டு கையாலும் விளக்கை ஏந்திக்கொண்டு, சாமிக்குக் காட்டுவது மாதிரி, தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஐயோ, எடுங்கோ! எடுங்கோ! நெருப்புப் பத்தப் போகுது!”

குலசேகரம்தான். சாவிக்கொத்து தரையில் விழுந்து கிடந்தது. மெதுவாகப் பேசுகிற அந்த மனுஷர் அப்படிக் கத்துவார் என்று நான் நினைத்ததில்லை.

சுடர் இன்னும் தகட்டில் படவில்லை. அக்கா கையைப் பின்னுக்கு எடுத்தார்.

“பத்துமா சார்?”

அவர் கீழே கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்.”

குலசேகரத்தால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து சாவியை எடுத்தார். அக்கா விளக்கை நடைவழி நடுவில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “இத எடுத்துப்புட்டுச் சொல்லுங்க. அப்பறமா உள்ள போறேன்” என்றார். திருநாவுக்கரசு அண்ணன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “மன்னிச்சிரு தங்கச்சி” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா எண்ணெய் குறைந்த விளக்கில் கொஞ்சம் ஊற்றினார்.

மறுநாள் காலையில் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அக்காவின் வாசலுக்கு நேரே இருந்த தகட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் மேலும் கீழும் மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அந்த ஒரு சந்து வழியாகக் கடல் தெரிந்தது. ஒரு ஃபேரி வந்துகொண்டிருந்தது.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தகடு கழற்றாத பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.